நாலு கூட்டல் குறி

ஹேசல் ரன், பென்சில்வேனியா
11 பிப்ரவரி 1979

அன்புத் தங்கை சில்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். இது கைக்கு வரும்போது நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். முழங்கால் காலையில் அடம்பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் சொன்னபடி கேட்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கோயில் அப்பம் இந்த முறை உடையாமல் வந்தது. தேன் தடவிச் சாப்பிட்டோம்.

நீயும் நானும் வாழ்த்து அட்டையும் அப்பமும் தவிர வேறு எதுவும் அனுப்பிக்கொண்டு முப்பத்தைந்து வருடம் ஆகிறது. யார் முதலில் நிறுத்தியது என்று எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அதற்கு எழுதவில்லை.

என் மகள் இரேனாவின் மூத்தவள் லோரெட்டாவுக்கு மே மாதம் கல்யாணம். கல்யாண லைசென்ஸ் வாங்கச் சட்டப்படி சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். கெட்ட ரத்தம் என்று முடிவு வந்திருக்கிறது. ஆமாம், அதேதான். சிபிலிஸ். பத்தொன்பது வயது, கூச்ச சுபாவம், பையன் கையைப் பிடித்தாலே காது சிவந்துவிடும். இரேனா சமையலறையில் நின்று, "எவன்டி? பேரச் சொல்லு! எவன்?" என்று கத்துகிறாள். குழந்தை, "யாருமில்லம்மா, யாருமே இல்ல" என்று தரையில் உட்கார்ந்துவிட்டது.

நான் அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன். எனக்கு 1940 ஆகஸ்ட் நினைவு வந்துவிட்டது. அதே தரை, அதே அழுகை, அம்மாவின் அதே குரல். இரேனாவுக்கு என் கதை தெரியாது. நம் வீட்டில் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவள் நீ ஒருத்திதான். தொலைபேசி அவர்கள் சமையலறையில் இருக்கிறது, அதில் இதையெல்லாம் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் இன்னொரு சோதனை செய்யச் சொல்லியிருக்கிறாராம். பார்க்கலாம்.

ஒன்ட்ரேய் இன்னும் உங்கள் கோயிலுக்குத்தான் வருகிறானா?

உன் அக்கா
ஹெர்மினா


கிளீவ்லாந்து, ஒஹையோ
2 மார்ச் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

என்றென்றும் ஆமென். உன் கடிதம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். நான் நலம். குளிரில் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நீலமாகிவிடுகின்றன. பழகிவிட்டது. ஏரியிலிருந்து வரும் காற்றுக்குக் கையுறை போதாது.

பாவம் லோரெட்டா. அவளைத் திட்ட வேண்டாம் என்று இரேனாவிடம் சொல்.

அந்த இன்னொரு சோதனை என்ன? எந்த டாக்டர்? வயதானவர்களுக்கும் செய்வார்களா? ரொம்ப வருடம் ஆகியிருந்தாலும் தெரியுமா? விவரமாக எழுது.

ஒன்ட்ரேய் வருகிறார். மனைவி போன பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு கைத்தடியோடு உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை.

அன்புடன்
சில்கா


ஹேசல் ரன்
15 மார்ச் 1979

அன்புச் சில்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். நலம், நலம் அறிய ஆவல். கையுறைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளி உறையும் போட்டுக்கொள்.

லோரெட்டாவுக்கு ஒன்றும் இல்லை! இரண்டாவது சோதனை அவள் சுத்தம் என்று சொல்லிவிட்டது. இரேனா இப்போது அவளுக்குத் தினமும் கேக் செய்து கொடுக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாய் வராதவள், என்னைப் போல.

நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் ஒரு பெண், மெர்சர் என்று பெயர், முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கிறாள். நான் நாலாம் வகுப்பு வரைதான் என்று சொன்னேன். "அப்போ உங்களுக்குப் புரியறாப்ல சொல்லலைன்னா தப்பு என் மேலதான்" என்றாள். நல்ல பெண்.

அவள் சொன்னது இது. நோய்க்கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்க்க ரத்தம் சில காவல்காரர்களை உண்டாக்குமாம். சோதனை தேடுவது அந்தக் காவல்காரர்களை. ஆனால் பழைய சோதனையில் கிருமியே கிடையாதாம். அதற்குப் பதில் மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்பு. நம் ரத்தம் அந்தக் கொழுப்போடு சண்டை போட்டால், கிருமி இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாக இருக்குமாம். ஆனால் சிலருடைய ரத்தத்துக்கு உடம்பிலேயே ஒரு கோளாறு. அது கிருமியே பார்க்காமல் அந்தக் கொழுப்போடு மல்லுக்கு நிற்கும். லோரெட்டாவுக்கு அப்படி. வெயிலில் போனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் சிவக்கிறதே, மூட்டு வலிக்கிறதே, அதுவும் அதே கோளாறுதானாம். சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம்.

புதுச் சோதனையில் கண்ணாடித் துண்டில் நிஜக் கிருமியையே செத்த நிலையில் வைத்து, நம் ரத்தத்தின் தண்ணீரை ஊற்றுகிறார்கள். காவல்காரர்கள் இருந்தால் பச்சையாக மின்னும். நீ கேட்டாயே, ரொம்ப வருடம் ஆனாலும் தெரியுமா என்று. அதைத்தான் நானும் கேட்டேன். "ஒருதரம் அந்த நோய் வந்திருந்தா, ஊசி போட்டுக் குணமாகியிருந்தாலும், அநேகமா சாகிற வரைக்கும் இது மின்னும். இது சுலபத்துல மறக்காது" என்றாள். என்னை மாதிரி ஒரு சோதனை.

அப்புறம் என் கையைப் பிடித்து மூட்டுகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "பிள்ள எதுவும் தவறிப்போச்சா?" என்று கேட்டாள். ரெண்டு, ஐந்தாம் மாதத்தில், என்றேன். வேறு யாரும் இல்லாதபோது மீதியையும் சொன்னேன். என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டாள்.

சில்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. மின்னிவிட்டால்?

உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு யாரிடமும் சொல்ல வாய்ப்பு வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அந்த வருடம்தான் புதிது. சுரங்கத்து டாக்டர் கொடுத்த சீட்டில் நாலு கூட்டல் குறி இருந்தது, நோய் நிச்சயம் என்று அர்த்தம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாலு சிலுவை போட்டிருக்கிறார், ரத்தம் அவ்வளவு நல்லது என்று நினைத்து, தண்ணீர்க் குழாயடியில் தெருவுக்கே காட்டினாள். "எம் பொண்ணுக்கு நாலு! ஒங்க மருமகளுக்கு எத்தன வந்துச்சு?" என்று. படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி நின்றிருந்தாள், நான் கட்டிக்கொள்ள இருந்த ஒன்ட்ரேயின் அத்தை. அவ்வளவுதான்.

நான் அவனிடம் சொன்னேன்: "ஒன்ட்ரேய், ஒன்னத் தவிர எவன் மூச்சும் எம்மேல பட்டதில்ல. மேரிலாந்துல கல்யாணத்துக்கு ரத்தம் கேக்க மாட்டாங்க. நாளைக்குக் காலைல பஸ்ஸு." அவன் தலையை ஆட்டினான். நான் ஏழு மணியிலிருந்து நின்றேன். மூன்று பஸ் போயிற்று. நாலாவது பஸ்காரர் இறங்கிவந்து, "ஏம்மா, தண்ணியாவது குடிச்சியா?" என்று கேட்டார். அந்த ஆள் முகம்கூட எனக்கு நினைவிருக்கிறது. இடது புருவத்தில் வெட்டுக்காயம்.

பிரார்த்தனை செய்.

ஹெர்மினா


ஹேசல் ரன்
20 ஏப்ரல் 1979

அன்புச் சில்காவுக்கு,

புகழ் அவருக்கே. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஈஸ்டர் வேலையாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

மின்னவில்லை.

டாக்டர் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். பழைய சோதனை இன்றைக்கும் என்னைக் கெட்டவள் என்கிறது. புதியது, இந்தப் பெண் அந்தக் கிருமியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்கிறது. மாட்டு இதயத்தோடு சண்டை போட்டதற்காக என்னைத் தேவடியாள் என்றார்கள், சில்கா. பதினெட்டு மாதம் வாரா வாரம் ஊசி. கையில் சங்கியா விஷம், இடுப்பில் பிஸ்மத் மருந்து. எழுபத்திரண்டு ஊசி. அம்மா என் தட்டையும் கரண்டியையும் தனியாக வைத்தாள். உன்னை என் படுக்கையிலிருந்து எழுப்பி அடுக்களையில் படுக்க வைத்தாள். நீயும் தலையணையை எடுத்துக்கொண்டு போனாய்.

இம்ரிக் மட்டும்தான் சிரித்தவர். என்னைப் பெண் கேட்டு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "சொரங்கத்துல எனக்குப் பாதி நுரையீரல் போச்சு, ஒனக்கு ரத்தம் போச்சு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு தேறுவோம், வா" என்றார். மேரிலாந்துக்கு அவரோடுதான் போனேன். நல்ல மனிதர். பதினாறு வருடம் வாழ்ந்தேன். ஆனாலும் ஒரு நாளாவது ஒன்ட்ரேயை நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.

டாக்டர் கொடுத்த சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். கோயிலில் அதை அவன் கையில் கொடு. ஒன்றும் பேச வேண்டாம். அவன் படிக்கட்டும். அவன் சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அது போதும். வேறு எதுவும் நான் இந்த உலகத்தில் யாரையும் கேட்டதில்லை.

ஹெர்மினா


கிளீவ்லாந்து
18 மே 1979

அன்புள்ள அக்காவுக்கு,

என்றென்றும் ஆமென். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் செய்தி கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். லோரெட்டாவின் கல்யாணத்துக்கு என் வாழ்த்து. தலையணை உறைகள் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ஓரத்தில் பின்னல் என் கையால் போட்டது. விரல்கள் ஒத்துழைக்காததால் ஒன்று கொஞ்சம் கோணல்.

சீட்டு என் ஜெபப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை, சளி என்றார்கள். அடுத்த ஞாயிறு வந்தார், ஆனால் கூட மருமகள் இருந்தாள். சரியான நேரம் பார்க்கிறேன்.

அக்கா, உன் சீட்டில் ஆங்கிலத்தில் இருப்பதைப் பலமுறை படித்தேன். அந்த டாக்டர் உறுதியாகத்தானே சொன்னாள்? படுக்கையிலோ குவளையிலோ தொற்றுவது பற்றி ஏதாவது சொன்னாளா?

சில்கா


ஹேசல் ரன்
1 ஜூன் 1979

சில்காவுக்கு,

புகழ் அவருக்கே. கல்யாணம் நன்றாக நடந்தது. உறைகள் வந்தன, நன்றி. கோணலானதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. ஒரு காகிதத்தைக் கையில் கொடுக்க மருமகள் தடையா? நான் படிக்காதவள், மடைச்சி இல்லை. கேட்கிறேன், நேராகச் சொல். 1941 செப்டம்பரில் நீ கிளீவ்லாந்து போனாய். அவன் அங்கே இரும்பாலைக்குப் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. நவம்பரில் கோயில் நடனத்தில் நீங்கள் இருவரும் மூலையில் நின்று பேசியதை அன்னா கோவாச் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். நீ நீல கவுன் போட்டிருந்தாயாம். அது என் கல்யாணத்துக்கு நான் தைத்தது. உனக்குக் கொடுத்தது அம்மா. நான் கொடுக்கவில்லை.

அவன் உன்னைக் கேட்டானா? நீ கல்யாணமே செய்யாமல் இருந்ததற்கு அதுதான் காரணமா? அவன் மனதில் நான் அழுக்காகவே இருக்கட்டும் என்று இப்போதும் நினைக்கிறாயா?

படுக்கை, குவளை என்று கேட்டாயே. அதிலெல்லாம் தொற்றாதாம். அப்படித் தொற்றும் நோயே எனக்கு இல்லை என்று சீட்டில் போட்டிருக்கிறது. இன்னுமா பயம்?

ஹெர்மினா


கிளீவ்லாந்து
9 ஆகஸ்ட் 1979

அக்காவுக்கு,

என்றென்றும் ஆமென். பத்து வாரம் ஆகிவிட்டது. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

நடனத்தில் ஒன்ட்ரேய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒங்கக்கா எப்படி இருக்கா?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. கவுன் விஷயம் உண்மை. அதற்கு என்னை மன்னித்துவிடு.

நான் கல்யாணம் செய்யாததற்குக் காரணம் வேறு. கோட்டுத் தைக்கும் ஆலையில் மத்தூஷ் என்று ஒருவர் இருந்தார், துணி வெட்டுபவர். உணவு நேரத்தில் என் தையல் எந்திரத்தின் மேல் தினமும் ஒரு ஆப்பிளை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி போவார். 1943-இல் கேட்டார். சரி என்றேன். இங்கேயும் அப்போது ரத்தம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தனியாகப் போய்க் கொடுத்தேன்.

எனக்கும் நாலு கூட்டல் குறி.

எனக்குத் தெரியும் அக்கா, நான் யாரோடும் போனதில்லை என்று. அதனால் ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. பதினெட்டு வருடம் உன்னோடு ஒரே போர்வையில் படுத்தவள். உன் குவளையில் குடித்தவள். உன்னிடமிருந்து வந்துவிட்டது என்று நினைத்தேன். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "ஏன்? நான் என்ன செஞ்சேன்?" என்று அவர் கேட்டுக்கொண்டே டிராம் நிறுத்தம் வரை வந்தார். எனக்குக் கன்னியாஸ்திரீ ஆகணும்னு தோணுது என்றேன். ஊசி எல்லாம் போட்டு முடித்தேன். அப்புறமும் குறி மாறவில்லை. அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் ரத்தம் கொடுத்ததில்லை.

உனக்கு எழுதியிருந்தால், "என்னாலயா?" என்று கேட்டிருப்பாய். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. அதனால் அட்டை மட்டும் அனுப்பினேன்.

ஒன்ட்ரேயிடம் சீட்டைக் கொடுக்க மூன்று முறை பக்கத்தில் போனேன். கொடுத்தால் நீ சுத்தம் என்று ஆகிவிடும். நீ சுத்தம் என்றால் நான் யாரைக் குற்றம் சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் இருந்தேன்? கையை நீட்ட முடியவில்லை.

சில்கா


ஹேசல் ரன்
14 ஆகஸ்ட் 1979

சில்கா,

புகழ் அவருக்கே. சுகமா என்று கேட்க இப்போது நேரமில்லை.

நாளைக்கே டாக்டரிடம் போ. லோரெட்டாவின் சீட்டும் என் சீட்டும் காட்டு. பேரப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் இந்த ரத்தக் கோளாறு இருக்கிறது என்று சொல். விரல் நீலமாவதையும் சொல், மறந்துவிடாதே. புதுச் சோதனை, பச்சையாக மின்னுவது, அதைத்தான் கேட்க வேண்டும். பழையதை மட்டும் செய்துவிட்டு உன்னைத் திருப்பி அனுப்பினால் அங்கேயே உட்கார்ந்துகொள், எழுந்திருக்காதே.

ஒன்ட்ரேயின் சீட்டு கிடக்கட்டும்.

உன் அக்கா


கிளீவ்லாந்து
30 செப்டம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

என்றென்றும் ஆமென். நலம். நீ எப்படி இருக்கிறாய்?

மின்னவில்லை.

டாக்டர் ஒரு இளைஞன். "நல்ல சேதி! ஒங்களுக்கு எப்பவுமே இருந்ததில்ல" என்று கைகொடுத்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா, பழகியதுதானே. எப்போதுமே இருந்ததில்லை என்பதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மத்தூஷ் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அடக்கத்துக்குப் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிறகு கூடத்தில் அவர் மனைவி தன் கையால் எனக்குச் சூப் ஊற்றிக்கொடுத்தாள். "நீங்க யாருன்னு தெரியலையே" என்றாள். ஆலைல கூட வேல செஞ்சவ என்றேன். "ஒங்களுக்கும் ஆப்பிள் குடுத்தாரா? ஊருக்கே குடுப்பாரு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். ஆமா, எனக்கும் குடுத்தாரு என்றேன்.

போன ஞாயிறு ஒன்ட்ரேயிடம் உன் சீட்டைக் கொடுத்தேன். என் மனதுக்கே கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மூக்குக்கண்ணாடி மாற்றி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். உன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. அப்புறம் சொன்னார்:

"அப்போ அவ சொன்னது நெசந்தானா?"

சீட்டைத் திருப்பித் தரவில்லை. சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

சில்கா


ஹேசல் ரன்
7 அக்டோபர் 1979

என் அன்புச் சில்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். நான் நலம். மேப்பிள் மரமெல்லாம் சிவந்து நிற்கிறது. முட்டைக்கோஸ் ஊறப்போட்டாயிற்று.

அவன் அதைச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று முப்பத்தொன்பது வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது, இம்ரிக் பக்கத்தில் தூங்கும்போதுகூட. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூர்மையாக்கினேன். உன் கடிதம் வந்ததும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவன் ஒரு கிழவன், சளி பிடித்திருக்கிறது. நெசந்தான் ஒன்ட்ரேய் என்று மட்டும் வந்தது. அதை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை, சீட்டு அவன் பையில் இருக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன், நீ நம்பமாட்டாய். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. நீ என்னைக் குற்றம் சொன்னதற்கு இல்லை. அதை என் முகத்துக்கு நேரே சொல்லாததற்கு. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்போம். நான் உன் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். அப்புறம் இரண்டு பேருமாக டாக்டரிடம் போய், ஒரே வீட்டில் யாரோடும் போகாத இரண்டு பெண்களுக்கும் எப்படி வந்தது என்று கேட்டிருப்போம். ஒருவேளை அப்போதே யாராவது யோசித்திருப்பார்கள். யோசித்திருக்காமலும் போயிருக்கலாம்.

ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு ஊசி போடும்போதெல்லாம் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். திட்டிக்கொண்டேதான் வருவாள், ஆனாலும் வருவாள். திரும்பும்போது என் கையைத் தேய்த்துவிடுவாள். உனக்கு வெளியே யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. அந்த ஊரில் தனியாகப் போய், தனியாகப் படுத்து ஊசி வாங்கி, வலிக்கிற இடுப்போடு எந்திரத்தின் முன் போய் உட்கார்ந்திருக்கிறாய். நான் அப்போது இங்கே உட்கார்ந்து நீல கவுனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் நினைவு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒருமுறை உள்ளே போனது வெளியே வராது. அதை முழுவதும் ஒன்ட்ரேய்க்கும் ஒரு பஸ் நிறுத்தத்துக்கும் கொடுத்து வீணாக்கிவிட்டேன். மீதி இருக்கிற நாளுக்கு உன்னுடையதை வைத்துக்கொள்கிறேன்.

அதனால் எழுது. அந்த மருத்துவமனை எந்தத் தெரு, எத்தனை படி. வாரத்தில் எந்தக் கிழமை. மழையா வெயிலா, எந்தக் கோட்டுப் போட்டிருந்தாய். ஊசி போட்டவள் முகம் கொடுத்துப் பேசினாளா இல்லையா, இல்லையென்றால் அவள் பெயர் என்ன. வெளியே வந்து எங்கே உட்கார்ந்தாய், எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒன்றையும் விடாதே.

முதல் ஊசியிலிருந்து ஆரம்பி. நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.

உன் அக்கா
ஹெர்மினா